அவள் துணியில் நான் தைத்த அறுபது கண்கள்

செருப்புக் கடைக்குப் போனால் மற்றவர்கள் அடியைத் திருப்பிப் பார்ப்பார்கள், நுனியை அமுக்கிப் பார்ப்பார்கள். நான் கயிறு கோர்க்கிற ஓட்டைகளைத்தான் பார்ப்பேன். ஓட்டையைச் சுற்றி ஒரு சின்ன உலோக வளையம் இருக்குமே, கடைக்காரர்கள் அதை ஐலெட் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குக் கண் என்று பெயர். வளையம் சுற்றிலும் ஒரே அளவில் மடங்கியிருக்க வேண்டும். ஓர் ஓரம் பல்லிளித்தால் நாலு மாதத்தில் கயிற்றை அறுத்துவிடும். அண்ணன் பேத்திக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கப் போன இடத்தில் ஏழு ஜோடியைத் தள்ளிவிட்டேன். கடைக்காரர், "ஏம்மா, ஷூவ நீங்க போடப் போறீங்களா, பாப்பா போடப் போகுதா?" என்று கேட்டார். எனக்குச் சுள்ளென்று வந்தது. எட்டாவது ஜோடியையும் தள்ளிவிட்டேன்.

எனக்கு இரண்டு வகைக் கண்களும் தெரியும். ஒன்று சுத்தியலால் அடிப்பது, மற்றது நூலால் சுற்றுவது. முதலாவது அண்ணனுடைய வேலை. கோடைக்கானல் கடைத்தெருவில் ஒரு ராவுத்தர் கடையில் அவர் இருந்தார். பூட்ஸ், முதுகுப்பை, கூடாரத் துணி, தார்ப்பாய் எல்லாம் அந்தக் கடைக்குப் பழுதுக்கு வரும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து லீவு நாளில் கூட்டமாக மலைப் பாதையில் நடக்கப் போவார்கள். கீழே வெள்ளகவி கிராமம் வரைக்கும் இறங்கி ஏறிவிட்டு வந்தால் பாதிப் பேருக்கு பூட்ஸில் கண் பிய்ந்திருக்கும். அண்ணன் தோலைக் கட்டை மேல் வைத்து, துளை போட்டு, பித்தளை வளையத்தை நுழைத்து, ஓங்கி ஒரே அடி அடிப்பார். இரும்பு வளையத்தைத் தொடவே மாட்டார். மஞ்சு என்று நாங்கள் சொல்கிற கோடைக்கானல் மூடுபனிக்கு இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. துரு இறங்கித் தோலைப் பழுப்பாக்கிவிடும்.

இரண்டாவது வகை என்னுடையது. அதில் சுத்தியல் கிடையாது, சத்தம் கிடையாது. வெள்ளைத் துணியில் ஒரு பட்டாணி அளவுக்கு வட்டம் போட்டு, வட்டத்தின் மேலேயே பொடித் தையலாக இரண்டு சுற்று ஓட்ட வேண்டும். பிறகு குத்தூசியால் நடுவில் குத்தி, இழைகளை அறுக்காமல் ஒதுக்கித் துளையை விரிக்க வேண்டும். அப்புறம் துளையின் விளிம்பை நூலால் நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். ஒரு தையலை இறுக்கி அடுத்ததைத் தளர்த்தினால் வட்டம் கோணி, பூசணி விதை மாதிரி ஆகிவிடும். அண்ணனுக்கு ஒரு கண் ஒரு அடி. எனக்கு ஒரு கண் கால் மணி நேரம். "நீ ஒரு மேசைத்துணி முடிக்கதுக்குள்ள நான் ஒரு பட்டாளத்துக்கே பூட்ஸ் தச்சுருவேன்" என்று அண்ணன் கிண்டல் செய்வார்.

இந்த வேலை எனக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். என்னைக் கட்டிக்கொடுத்தது பழனியில். கணவர் கோயம்புத்தூர் மில் வேலைக்குப் போனார். போனவர் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். மாமியார் ஒருநாள், "ஒங்க அண்ணன் வீட்டுல கொஞ்ச நாளு இருந்துட்டு வா" என்று பஸ் ஏற்றிவிட்டார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. ஐம்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. ஊர் என்னைப் போன்றவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தது, வாழாவெட்டி. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். குழாயடியில் நான் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிய பிறகு சொல்வார்கள், காதில் விழுகிற தூரத்தில்.

அண்ணன் வீட்டில் இரண்டே இடம். ஓர் அறையில் அண்ணனும் மதினியும் பிள்ளைகளும். மற்றது அடுப்படி. விறகுக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடுவில் நான் படுப்பேன். குளிருக்கு அதுதான் வசதி என்று ஆறுதல் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் மதினி வெள்ளனே எழுந்து வந்தால் என்னைத் தாண்டித்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். தாண்டும்போது ஒரு பெருமூச்சு விடுவார். அவர் கெட்டவர் இல்லை, எனக்குக் கஞ்சியில் ஒருநாளும் குறை வைத்ததில்லை. ஆனாலும் அந்தப் பெருமூச்சை வருடக்கணக்கில் காலையில் முதல் சத்தமாகக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

நாங்கள் இருந்த மேட்டுத் தெருவுக்கு மேலே ஒரு தையல் கூடம் இருந்தது. கடல் தாண்டி வந்த ஒரு மிஷன் அம்மையார் அதை நடத்தினார். நாங்கள் அவரை மிஸ் என்போம். பன்னிரண்டு பெண்கள் வேலை பார்த்தோம். மேசைத்துணி, தலையணை உறை, குழந்தைகளுக்கு ஞானஸ்நான உடுப்பு, எல்லாம் வெள்ளையில் வெள்ளை, எல்லாவற்றிலும் கண்கள். மிஸ்ஸுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், ஆனால் பைபிளில் படித்த தமிழ். "நீ ஏன் தாமதித்தாய்?" என்று கேட்பார். நாங்கள் குனிந்து சிரித்துக்கொள்வோம்.

அந்தக் கூடத்தில் ஒரு கட்டளை இருந்தது. ஒரு துணிக்கு ஒரு கை. யாருக்கு எவ்வளவு அவசரமானாலும் ஒருத்தி துணியில் மற்றொருத்தி ஊசி வைக்கக் கூடாது. மிஸ் அதற்குக் காரணம் சொல்வார். ஒவ்வொரு கையும் நூலை ஒவ்வொரு மாதிரி இழுக்கும், துவைக்கிற வரைக்கும் தெரியாது, துவைத்தால் ஒரு கை தைத்த பக்கம் சுருங்கும், மற்றது சுருங்காது, துணி கோணிக்கொள்ளும். இந்தக் கட்டளையை மீறிய அக்கா தங்கச்சி இரண்டு பேரை மிஸ் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியதை நானே பார்த்தேன். அழுதார்கள், காலில் விழுந்தார்கள். மிஸ் அசையவில்லை.

ஜன்னலோரப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். என்னைவிட மூன்று வயது மூத்தவள். பக்கத்துப் பள்ளங்கி கிராமத்தில் பிறந்தவள். புருஷன் ஏரிக்கரை பங்களாக்களில் தோட்ட வேலை. மூன்று பிள்ளைகள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இடக்கைக்காரி. சின்ன வயதில் அந்தக் கைக்காக வாங்கின சூட்டுத் தழும்பு மணிக்கட்டில் இருந்தது. மிஸ்தான் அவளை முதன்முதலாக அந்தக் கையாலேயே தைக்க விட்டவர். பழனி மலையைச் சுற்றிக் கிரிவலம் போகிற மாதிரி எங்கள் எல்லோருடைய நூலும் வட்டத்தை வலமாகச் சுற்றும். அவளுடையது மட்டும் எதிரே வரும். பத்தடி தூரத்திலிருந்து பார்த்தாலும் இது அவள் துணி என்று சொல்லிவிடலாம்.

எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும். வாய்த் துடுக்கு. ஒருநாள் சந்தையில் பூண்டு விற்கிற அம்மா ஒருத்தி என்னைப் பார்த்து, "இந்தப் பிள்ளய புருஷன் வெரட்டி விட்டுட்டானாம்ல?" என்று அவளிடமே கேட்டாள். இவள் கூடையைக் கீழே வைத்தாள். "வெரட்டலம்மா. ஒங்க மகளுக்கு மாப்பிள கெடைக்கலன்னு கேள்விப்பட்டு, இவ இரக்கப்பட்டு விட்டுக் குடுத்துட்டு வந்துட்டா" என்றாள். திரும்பி வருகிற வழியெல்லாம் நான் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். எனக்காக உலகத்தில் வாயைத் திறந்த முதல் ஆள் அவள்தான்.

கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. பெண்களில் மூத்தவராக இருந்து எல்லோருடைய வேலையையும் பார்க்கிறவருக்கு அந்த அறை. ஹெட் என்போம் அவரை. அப்போது ஹெட்டாக இருந்தவர், மகன் கூப்பிட்டதால் மதுரைக்குப் போக முடிவு செய்தார். அவர் சாமான் கட்டுகிற அன்று உதவிக்குப் போய்த்தான் அந்த அறைக்குள் முதல் முறை கால் வைத்தேன். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், சுவரோடு கட்டிய கணப்பு, உள்பக்கம் தாழ்ப்பாள், வெளிப்பக்கம் பூட்டு. அந்தத் தாழ்ப்பாளை இரண்டு தரம் போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்தேன். இதற்குள்ளே படுத்தால் என்னை யாரும் தாண்ட வேண்டாம். எனக்கு அப்போது நகை ஆசை, புடவை ஆசை, புருஷன் திரும்பி வருவான் என்கிற ஆசை எதுவுமே இல்லை. அந்த ஒரு தாழ்ப்பாள் மேல் மட்டும் உயிரையே வைத்துவிட்டேன்.

அக்காவிடம்தான் சொன்னேன். "ஒனக்குத்தாண்டி அது" என்றாள். "எங்களுக்கென்ன, ஓட்ட ஒடசலா இருந்தாலும் வாடக வீடுன்னு ஒண்ணு கெடக்கு. ஒன் கைக்கு மிஸ் ஒனக்குத்தான் குடுப்பாங்க. வேணா பாரு."

மிஸ் யாருக்கும் சும்மா கொடுக்கவில்லை. பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சின்ன மேசைத்துணி கொடுத்தார். ஓரத்தைச் சுற்றி நூற்றிருபது கண்கள். ஐந்து வாரம். முடிந்ததும் மூன்று தரம் வெந்நீரில் துவைத்து, இஸ்திரி போட்டு, அதற்கப்புறம் பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னார். வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைக்கவும் அனுமதி கொடுத்தார். மழை பிடித்துக்கொண்ட மாதங்கள் அவை. ஜன்னலைத் திறந்தால் மஞ்சு உள்ளே வந்து உட்காரும். நூல் ஈரம் வாங்கி விரலோடு ஒட்டும்.

மூன்றாவது வாரத்தில் அக்காவுக்கு இடது கட்டை விரலில் நகச்சுற்று வந்தது. விரல் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியது. எலுமிச்சம்பழத்தையே செருகி வைத்திருந்தாள், அப்படியும் இறங்கவில்லை. அவள் துணியில் அறுபது கண் முடிந்திருந்தது. அறுபது பாக்கி.

ஒரு சாயங்காலம் இறக்கத்தில் என்னோடு நடந்து வந்தவள், மரத்தடியில் நின்றுவிட்டாள். "ஏடி, எனக்கு அந்த ரூமு வேண்டாம், ஹெட்டு சோலியும் வேண்டாம். ஆனா துணிய முடிக்காமக் குடுத்தா மிஸ் என்ன நெனைப்பாங்க? ஏற்கெனவே புள்ளைகளுக்கு மேலுக்குச் சொகமில்லன்னு நெறைய லீவு போட்டிருக்கேன். வேலைய விட்டு நிறுத்திட்டாங்கன்னா மூணு புள்ளைகளோட நான் எங்க போவேன்?"

நான் அவளை மேலே கேட்க விடவே இல்லை. "குடு" என்றேன். துணியை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். கட்டளை நினைவுக்கு வராமல் இல்லை. பிடிபட்டால் அறை மட்டுமல்ல, வேலையும் போகும். இருந்தும் சந்தையில் எனக்காகக் கூடையைக் கீழே வைத்தவளுக்கு நான் யோசித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றா சொல்ல முடியும்?

ஒரு சிக்கல் இருந்தது. என் நூல் வலமாகச் சுற்றும், அவளுடையது இடமாக. பாதித் துணி ஒரு பக்கமும் மீதி எதிர்ப்பக்கமும் சுற்றியிருந்தால் மிஸ்ஸுக்குக் கண்ணாடி போடாமலே தெரிந்துவிடும். இடக்கையால் தைத்துப் பார்த்தேன், குழந்தை கிறுக்கினது மாதிரி வந்தது. அப்புறம் வழி கண்டுபிடித்தேன். குத்துவது மேல்பக்கத்திலிருந்து, துணியைப் புரட்டிப் போட்டு நூல் சுற்றுவது அடிப்பக்கத்திலிருந்து. உள்ளிருந்து வலமாகச் சுற்றினால் வெளியிலிருந்து பார்க்கும்போது இடமாகத் தெரியும். முதல் கண்ணை முடித்துத் திருப்பிப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. அச்சு அசலாக அவள் கை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அந்த முட்டாள்தனத்தை வேறு யாரும் செய்திருக்க முடியாது, ஏனென்றால் வேறு யாருக்கும் அவ்வளவு நன்றாகத் தைக்கத் தெரியாது.

பழக்கமில்லாத பக்கத்திலிருந்து தைப்பதால் ஒவ்வொரு தையலுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அறுபதும் அப்படி முடிந்தது. மீதி இருந்த ஆறு நாளில் என் சொந்தத் துணியை முடித்தேன். கை பழகின வேலைதானே என்று வெரசாக ஓட்டினேன். அதுவும் நன்றாகத்தான் வந்தது. எப்போதும் வருகிற மாதிரி வந்தது.

துவைத்து இஸ்திரி போட்ட பன்னிரண்டு துணிகளையும் நீள மேசையில் மிஸ் வரிசையாக விரித்தார். நாங்கள் சுவரோரம் நின்றோம். மிஸ் ஒவ்வொரு துணியாகத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்கள் வழியாக வெளிச்சம் பொட்டுப் பொட்டாக அவர் முகத்தில் விழுந்தது. என் துணியிடம் வெகு நேரம் நின்றார். பிறகு அக்காவின் துணியிடம் போனார். ஒரு ஓரத்தைப் பிடித்து மறு ஓரம் வரை மெதுவாக விரலை ஓட்டினார். திரும்பவும் ஓட்டினார்.

"இதுவே சிறந்தது" என்றார். அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

நான் கவலையே படவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? அறை போய்விட்டதே என்று ஒரு நொடி கூட நினைக்கவில்லை. அவள் இப்போது சொல்லிவிடுவாள் என்றுதான் நின்றேன். மிஸ், எனக்கு வேண்டாம், அவளுக்குக் கொடுங்கள் என்று சொன்னால் போதும். உண்மையைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு வீடு இருக்கிறது என்று ஒரு வார்த்தை. அவள் முன்னால் போனாள். மிஸ் சாவியை நீட்டினார். அவள் நகச்சுற்று ஆறிய அந்தக் கையாலேயே வாங்கிக்கொண்டு, முந்தானையால் முகத்தைப் பொத்தி அழுதாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மத்தியானம் அவள் சாப்பிட என் பக்கத்துக்கு வரவில்லை. சாயங்காலம் இறக்கத்தில் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"அக்கா, மிஸ்கிட்ட எப்பச் சொல்லப் போற?"

"என்னத்தச் சொல்ல?"

"ரூமு வேண்டாம்னு."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மிஸ்ஸா கூப்ட்டுக் குடுத்தா நான் என்ன செய்ய முடியும்? வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்ல? நீ தச்சேன்னு சொல்லவா? ரெண்டு பேரும் தெருவுல நிக்கவா?"

"ஒனக்கு வீடு கெடக்குன்னு நீதான சொன்ன?"

"மழ பேஞ்சா மூணு எடத்துல ஒழுகுது. நீ ஒத்த ஆளு. ஒனக்கென்னடி, எங்க வேணாலும் முடங்கிக்கலாம்."

முடங்கிக்கலாம். நான் எங்கே முடங்குகிறேன் என்று அவளுக்குத் தெரியும். விறகு, பானை, பெருமூச்சு எல்லாம் அவளிடம் சொல்லியிருக்கிறேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. அதையே எடுத்து என்னிடம் நீட்டினாள்.

மறுநாள் காலையில் நான் மிஸ்ஸிடம் போனேன். பயம் இருந்தது, அதைவிடக் கோபம் அதிகம் இருந்தது. கட்டளையை மீறினேன், அந்தத் துணியில் அறுபது கண்கள் என்னுடையவை, என்னைத் தண்டியுங்கள், ஆனால் அறையை அவளுக்குக் கொடுக்காதீர்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மிஸ் எல்லோரும் இருக்கிற கூடத்துக்கே என்னை அழைத்துக்கொண்டு வந்தார். அக்காவை எழுந்து நிற்கச் சொன்னார்.

"இவள் சொல்லுகிறது மெய்யா?"

"இல்ல மிஸ். ஒத்தக் கண்ணுகூட அவ தைக்கல." குரலில் ஒரு பிசிறு இல்லை. பிறகு, கேட்காமலேயே, இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னாள். "அவ மேல கோவிச்சுக்காதீங்க மிஸ். வாழாவெட்டிப் பிள்ள. அடுத்தவ நல்லா இருந்தாத் தாங்காது."

சந்தையில் அந்தப் பூண்டுக்காரிகூட அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. குழாயடியில்கூட என் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அதை என் முகத்துக்கு நேரே, பத்துப் பேர் முன்னால் சொன்ன ஒரே ஆள் அவள்தான். பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

மிஸ் துணியை என் கையில் கொடுத்தார். "உன்னுடையவை எவை? காட்டு."

விரித்தேன். நூற்றிருபது கண்களும் இடமாகச் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தன. எங்கே அவளுடையது முடிகிறது, எங்கே என்னுடையது தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை. ஆனால் தெரிந்து என்ன? காட்டுவதற்கு ஒன்றும் இல்லை; நூலையும் அவள் இழுக்கிற மாதிரியே இழுத்திருந்ததால் மூன்று துவையலிலும் துணி கோணவில்லை. என் கை அதில் இருந்ததற்கு ஒரு தடயமும் விடாமல் நானே துடைத்து வைத்திருந்தேன். "இங்கேருந்து இது வரைக்கும்" என்று விரலை வைத்தேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எல்லாம் அக்கா கை என்று குருடிக்குக்கூடத் தெரியும்.

மிஸ் துணியை வாங்கிக்கொண்டார். கட்டை விரலைத் துணியின் மேல் வைத்தபடி நின்றிருந்தார். பிறகு, "உன் இடத்துக்குப் போ. நான் உன்னை மன்னித்தேன்" என்றார்.

சொல்லாத பொய்க்கு மன்னிப்பு வாங்கியிருக்கிறீர்களா? அடி வாங்கினால் ஆறிவிடும். அந்த மன்னிப்பை நான்கு வருடம் சுமந்துகொண்டு அதே கூடத்துக்குப் போய்வந்தேன். விட்டுவிட்டு எங்கே போவது? அண்ணன் வீட்டில் என் சம்பளம் போய்விட்டால் பெருமூச்சு மட்டும்தான் மிஞ்சும். பெஞ்சில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு அவர்கள் பெஞ்சில் உட்காருவதற்குள் கதை போய்ச் சேர்ந்துவிடும். யாருடைய நூற்கண்டு தொலைந்தாலும் முதலில் என் பக்கம் ஒரு பார்வை வரும். அண்ணனிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் கையில் வைத்திருந்த பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ தச்சேன்னு சொல்றது எனக்கு நம்பிக்கதான். ஆனா யாரு கேட்டா ஒன்ன அவ மாதிரித் தைக்கச் சொல்லி?" என்றார்.

அவள் குடும்பம் அந்த அறைக்கு வந்தது. ஐந்து பேர் அந்த ஒரு அறையில். ஜன்னல் கம்பியில் பிள்ளைகளின் கால்சட்டை தொங்கும். ஹெட்டாக அவள் என் வேலையைப் பார்க்க வருவாள். துணியை மட்டும் பார்ப்பாள், ஒரு குறையும் சொல்ல மாட்டாள். அதுவும் எனக்கு எரிச்சல்தான். ஒரு குறை சொன்னால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அறுபதுகளின் நடுவில், மிஸ் ஊரைவிட்டுப் போகிற நாள் வந்தது. வயதாகிவிட்டது, மூட்டுவலி, இனி தன் நாட்டில்தான் என்றார். போவதற்கு முந்தின நாள் மத்தியானம் எங்களை ஒவ்வொருத்தியாகக் கூடத்தை ஒட்டியிருந்த தன் வீட்டுக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு கத்தரிக்கோல் கொடுத்தார். கடைசியாக என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். பெட்டிகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. அவர் ஒரு பெட்டியின் மேலேயே உட்கார்ந்தார்.

"உன்னிடம் ஒன்றை அறிக்கையிட வேண்டும்" என்றார். "அந்தத் துணியில் அறுபது கண்கள் நீ செய்தவை. அதை நான் அன்றே அறிந்திருந்தேன்."

எனக்குப் புரியவே சிறிது நேரம் பிடித்தது.

"அவள் ஒவ்வொரு கண்ணையும் முடிக்கும் இடத்தில் நூல் தடிக்கும். விரலுக்குத் தெரியும். நீ முடித்தால் தடிக்காது. பாதி தடித்தது, பாதி தடிக்கவில்லை. நீ வந்து சொன்னபோது தொட்டுப் பார்த்தேன், அறிந்துகொண்டேன்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "மெய் என்று நான் சொன்னால் என் கட்டளைப்படி இருவரையும் அனுப்ப வேண்டும். அவளுக்கு மூன்று பிள்ளைகள். உனக்குச் சகோதரன் வீடு உண்டு. நான் மிகவும் ஜெபித்தேன். இதுவே நல்லது என்று எனக்குத் தோன்றிற்று."

அவர் கண்கள் நனைந்திருந்தன. நான்கு வருடமாக அவர் தூக்கிச் சுமந்த பாரம் அது. கப்பல் ஏறுவதற்கு முன் இறக்கிவைத்துவிட்டுப் போக ஓர் இடம் வேண்டும், அதற்கு என்னைத் தேர்ந்தெடுத்தார். அக்கா பொய் சொன்னாள் என்றால் அவளுக்குப் பிள்ளைகள், ஒழுகும் கூரை, பயம். இந்த அம்மா எதற்குப் பயந்தார்? தன் கட்டளை உடைந்துபோகும் என்று பயந்தார். அதை உடையாமல் வைத்திருக்க என்னை உடைத்தார். அப்புறம் என்னை மன்னித்தார்.

கேட்பதற்கு எவ்வளவோ இருந்தது. சகோதரன் வீட்டில் நான் எங்கே படுக்கிறேன் என்று ஒருநாள் வந்து பார்த்தீர்களா என்று கேட்டிருக்கலாம். இப்போது கூடத்துக்கு வந்து அத்தனை பேர் முன்னாலும் இதைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம், அதற்கு அன்றைக்கு ஒரு முழுச் சாயங்காலம் நேரம் இருந்தது. நான் கேட்கவில்லை. "தேங்க் யூ, மிஸ்" என்றேன். வாய் அப்படிப் பழகியிருந்தது. அவர் என் தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். முடிகிற வரைக்கும் அசையாமல் நின்றேன்.

வெளியே வந்தபோது அக்கா பாதை முனையில் நின்றிருந்தாள். வெகு நேரமாக நின்றிருப்பாள் போல. சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றதால் முகமெல்லாம் வெளிறிப்போயிருந்தது. வேலையைப் பற்றி அல்லாமல் நான்கு வருடத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"மிஸ் என்னடி சொன்னாங்க?"

எனக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். மிஸ்ஸுக்கு எல்லாம் தெரியுமாம், அன்றைக்கே தெரியுமாம். அதைக் கேட்ட பிறகு அந்த அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அவளால் ஒருநாளாவது தூங்க முடிந்திருக்குமா? வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் பின்னால், அந்த அறை வாசலில், கடைசிப் பிள்ளை தட்டில் சோறு வைத்துத் தின்றுகொண்டிருந்தது.

"நல்லா இருன்னு சொன்னாங்க" என்றேன்.

"வேற ஒண்ணும் சொல்லலயா?"

"இல்ல."

அவள் மூச்சை விட்டாள். முகம் தெளிந்தது. திரும்பி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் பாதை வரைக்கும் கேட்டது. அவளுக்காக நான் செய்த கடைசி வேலை அது, அதிலும் என் கை தெரியாமல்தான் செய்தேன்.